ஓடை திறந்த வரலாறு

அமெரிக்கக் கண்டத்தில் மனிதர் எப்போது குடியேறினர் என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞரிடையே பெரும் வழக்காக இருந்தது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்தான் என்பது அன்று செல்வாக்குடன் விளங்கிய முடிபு. பனியூழிக் காலத்திலேயே மனிதர் அங்கு வாழ்ந்தனர் என்று கூறியோர் காட்டிய சான்றுகள் ஒவ்வொன்றாகத் தள்ளப்பட்டன. இவ்வழக்கைத் தீர்த்துவைத்தது விரல் நீளமேயுள்ள ஒரு கல் ஈட்டிமுனை. அது புதைந்து கிடந்த இடத்தை உலகிற்குக் காட்டியவர் பேராசிரியரல்லர். பள்ளிப்படி ஏறாத மாட்டுப்பண்ணைத் தொழிலாளர் ஒருவர். அவர் பெயர் ஜார்ஜ் மெக்ஜங்கின்.

1851ஆம் ஆண்டளவில் டெக்சாஸ் மாநிலத்தில் அவர் அடிமையாகப் பிறந்தார். தந்தை கொல்லர். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்தபோது மெக்ஜங்கின் பதின்பருவத்து இளைஞர். குதிரைகளைப் பழக்குவதில் அவருக்கு இணையானோர் சிலரே. அந்தத் திறமையையே கட்டணமாகச் செலுத்தி, உடன் பணிபுரிந்தோரிடம் எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டார். ஸ்பானிய மொழி பேசினார்; பிடில் வாசித்தார்; தொலைநோக்கி ஒன்றை உடன் வைத்திருந்தார். மேய்ச்சல் வெளிகளில் கிடைத்த கற்களையும் எலும்புகளையும் தொல்லுயிர்ச் சுவடுகளையும் சேர்த்து வைத்தார். காலப்போக்கில் நியூ மெக்சிகோவில் ஃபோல்சம் என்னும் சிற்றூரை அடுத்த குரோஃபுட் பண்ணைக்கு மேற்பார்வையாளரானார். வெள்ளையர் பலர் பணிபுரிந்த பண்ணைகளில் கறுப்பினத்தவர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்பது அக்காலத்தில் அரிது.

1908 ஆகஸ்டு 27 அன்று ஜான்சன் மேட்டுநிலத்தில் பெருமழை கொட்டியது. இரவில் வெள்ளம் ஃபோல்சம் ஊருக்குள் புகுந்து வீடுகளை அடித்துச் சென்றது. தொலைபேசி நிலையத்தில் பணிபுரிந்த சாரா ரூக் என்னும் பெண்மணி, இருக்கையைவிட்டு அகலாமல் வீடு வீடாக அழைத்து எச்சரித்துப் பலரைக் காத்தார். தம்மைக் காத்துக்கொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஊர் மாண்டோருக்காகத் துயருற்றிருந்த நாள்களில், பண்ணையின் வேலிகள் எங்கெங்கே சிதைந்தன என்று பார்த்துவர மெக்ஜங்கின் குதிரையில் புறப்பட்டார்.

வைல்டு ஹார்ஸ் என்னும் ஓடையின் கரையை வெள்ளம் ஆழமாக அரித்திருந்தது. அங்கே, தரைமட்டத்திலிருந்து பத்தடிக்கும் கீழே, எலும்புகள் வெளித்தெரிந்தன. மாட்டுப்பண்ணை நிலத்தில் எலும்பு கிடப்பது புதுமையன்று. ஆயினும் மெக்ஜங்கின் இரண்டு செய்திகளை உற்றுநோக்கினார். அவ்வெலும்புகள் பைசன் எனப்படும் காட்டெருமையினுடையவை போலத் தோன்றின. ஆனால் அவர் அறிந்த காட்டெருமைகளினும் மிகப் பெரியவை. அவற்றின்மேல் படிந்திருந்த மண்ணும் ஓரிரு தலைமுறையில் சேரக்கூடியதன்று. எனவே அவை மிகப் பழையவை என்று உணர்ந்தார்.

தாம் கண்டதை அவர் ஆர்வமுள்ளோரிடம் எடுத்துரைத்தார். அவர்களுள் ஒருவர் ரேட்டன் நகரத்துக் கொல்லரான கார்ல் ஷ்வாக்ஹைம். அவர் வீட்டு முற்றத்து நீரூற்றை ஒன்றோடொன்று பிணைந்த கடமான் கொம்புகள் அணிசெய்தன. அவையே இருவரும் அறிமுகமாகக் காரணமாயின. எனினும் தொலைவிலிருந்த ஓடைக்கு எவரும் உடனே புறப்படவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கடந்தன. 1922 ஜனவரியில் ஃபோல்சம் விடுதியில் மெக்ஜங்கின் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில்தான் ஷ்வாக்ஹைம் நண்பர்களுடன் அவ்விடத்தை அடைந்தார்.

பின்னர் அவ்வெலும்புகள் டென்வர் நகர அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. அதன் இயக்குநர் ஜெசி ஃபிகின்ஸ் 1926இல் அகழ்வைத் தொடங்கினார். அவர் நாடியது காட்சிக்கு வைக்கத்தக்க ஒரு முழு எலும்புக்கூடே. கிடைத்தவற்றுள்ளோ கல் ஈட்டிமுனைத் துண்டுகளும் இருந்தன. ஆனால் அவை கிடந்த இடத்திலிருந்து பெயர்ந்துவிட்டிருந்தன. கல்லின் தோற்றத்தை மட்டும் கொண்டு அதன் அகவையைக் கூற இயலாது. மேல்மண்ணிலிருந்து எலி வளை வழியாகவோ நீரோட்டத்தாலோ அது கீழே இறங்கியிருக்கலாம் என்று எவரும் மறுக்கலாம். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அலெஷ் ஹர்ட்லிச்கா இவ்வகை மறுப்பில் வல்லவர். இனி ஏதேனும் கிடைத்தால் தொடாமல் அப்படியே விட்டு, அறிஞர்களைத் தந்தி மூலம் அழைக்குமாறு அவர் அறிவுரை கூறினார். ஐயம் கொண்டவர் கூறிய அந்த வழியே இறுதியில் ஐயத்தைப் போக்கியது.

1927 ஆகஸ்டு 29 அன்று, பழங்காலக் காட்டெருமையின் விலா எலும்புகளுக்கிடையே ஈட்டிமுனை ஒன்று பதிந்திருப்பதை ஷ்வாக்ஹைம் கண்டார். அசைக்கவில்லை, காவலிருந்தார். தந்திகள் பறந்தன. பார்னம் பிரவுன், ஃபிராங்க் ராபர்ட்ஸ், அவர்களைத் தொடர்ந்து ஆல்ஃபிரட் கிட்டர் ஆகியோர் வந்து மண்ணடுக்கையும் எலும்பையும் கல்லையும் ஒருசேர ஆராய்ந்தனர். மண் கலைந்த அடையாளம் இல்லை. விலங்கும் ஆயுதமும் ஒரே காலத்தவை என ஏற்றுக்கொண்டனர். அவ்வினக் காட்டெருமை பனியூழியின் முடிவையொட்டி மறைந்துபோனது. எனில், அதனை வேட்டையாடிய மனிதரும் அக்காலத்தவரே.

அந்த முனையின் வடிவம் தனித்தன்மை உடையது. மெல்லியது, விளிம்புகள் நுட்பமாகச் செதுக்கப்பட்டவை, அடிப்பகுதி உள்வளைந்தது. அடியிலிருந்து நுனிக்கு அருகே வரை, இருபுறமும் ஒரே சில்லாகப் பெயர்த்தெடுத்த நீள்பள்ளம் ஓடுகிறது. அப்பள்ளத்தைப் பெயர்க்கும்போது பல முனைகள் உடைந்துபோயின. இதனை அம்புமுனை என்று எண்ணிவிடலாகாது; வில் அந்நிலத்தில் பரவியது மிகப் பிற்காலத்தில். இது எறியீட்டியின் முனை. இவ்வகைக்கு ஊரின் பெயரே நிலைத்து, ஃபோல்சம் முனை என வழங்கலாயிற்று. பிற்காலத்தில் நியூ மெக்சிகோவின் பிளாக்வாட்டர் டிராவில், ஃபோல்சம் முனைகள் கிடந்த அடுக்கிற்கும் கீழே, மாமத யானையின் எலும்புகளுடன் வேறொரு வகை கிடைத்தது. அதன் பள்ளம் குட்டையானது. கீழடுக்கில் கிடந்த குளோவிஸ் முனையே மூத்தது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

கதிரியக்கக் கார்பன் முறை வந்தபின், ஃபோல்சம் வேட்டை நிகழ்ந்து 12,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது எனக் கணக்கிடப்பட்டது. பிந்தைய அகழாய்வுகள் அங்கே ஏறத்தாழ 32 காட்டெருமைகள் வீழ்த்தப்பட்டதைக் காட்டின. மெக்ஜங்கின் பெயரோ அக்கண்டுபிடிப்பின் வரலாற்றில் பல பத்தாண்டுகள் இடம்பெறவில்லை. அவர் கல்லறை ஃபோல்சம் இடுகாட்டில் உள்ளது. விலா எலும்பையும் ஈட்டிமுனையையும் பிரிக்காமல் சூழ்ந்த மண்ணோடு வெட்டியெடுத்த பாளம் டென்வர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.