பாகவதரும் ஒன்பது ஜூரர்களும்

வண்டியூர் தெப்பக்குளத்துக் கற்படிகளில் மாலைதோறும் வந்தமரும் முதியவர்கள் எம்.கே.தியாகராஜ பாகவதரைப் பற்றிப் பேசக் கேட்டு வளர்ந்தவன் நான். 1937-இல் வெளிவந்த ‘சிந்தாமணி’ ஈட்டிய லாபத்தில் மதுரையில் அதே பெயரில் ஒரு திரையரங்கு எழுந்தது என்பதில் அவர்களுக்குத் தனிப் பெருமை. வழக்கைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் குரல் தாழும். கொல்லச் சொன்னாரா, இல்லையா? ஆளுக்கொரு விடை வைத்திருந்தார்கள்.

1910-இல் மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்த பாகவதர், நாடக மேடையிலிருந்து ‘பவளக்கொடி’ மூலம் 1934-இல் திரைக்கு வந்தார். 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்படம் வந்த சில வாரங்களிலேயே, நவம்பர் 8 அன்று, ‘இந்துநேசன்’ இதழை நடத்திய லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். திரைக் கலைஞர்களின் அந்தரங்கத்தை அச்சேற்றிப் பிழைத்தவர் அவர். பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாயினர்.

கத்தியைப் பிடித்தவர்கள் என்று அவர்களை எவரும் கூறவில்லை. கொலைச் சதியில் பங்கு என்பதே குற்றச்சாட்டு. மெய்ப்பிக்கப்பட்டால் தூக்குமேடை வரை செல்லத்தக்கது. தூற்றப்பட்டவனுக்குச் சினம் உண்டு, அது நோக்கம். அவன் சாக வேண்டும் எனத் திட்டமிடுவது உள்ளெண்ணம். முன்னதற்குச் சான்று ஊரெங்கும் கிடைக்கும். பின்னது ஒருவன் நெஞ்சுக்குள் இருப்பது. அதற்குள் புக அரசுத் தரப்புக்கு வாய்த்த முக்கிய வழி, அப்ரூவராக மாறியவரின் சாட்சியம்.

1945 மே மாதம் ஒன்பது ஜூரர்களில் ஆறு பேர் இருவரும் குற்றவாளிகள் என்றனர்; மூவர் உடன்படவில்லை. நீதிபதி மாக்கெட் ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனை விதித்தார். ஆறு பேரின் முடிவைவிட அவர்களின் மௌனமே என்னை உறுத்துகிறது. ஜூரர் காரணம் எழுத வேண்டியதில்லை. சினத்தையே உள்ளெண்ணமாகக் கொண்டார்களா, புகழ் மீதான பொறாமையும் கலந்ததா என்பதை இனி எவரும் அறிய வழியில்லை.

உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. லண்டன் பிரிவி கவுன்சில் அதை மீண்டும் விசாரிக்கப் பணித்தது. 1947 ஏப்ரலில், இம்முறை காரணங்களை எழுதியே தீர வேண்டிய நீதிபதிகள், அதே சாட்சியங்களை ஏற்க மறுத்து இருவரையும் விடுவித்தனர். சிறையில் இரண்டாண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

கிருஷ்ணன் மீண்டும் சிரிக்க வைத்தார். பாகவதருக்கு அது வாய்க்கவில்லை. 1948-இல் வந்த ‘ராஜமுக்தி’ தோற்றது. 1959 அக்டோபரில் பம்பாயில் நானாவதி வழக்கு, திட்டமிட்ட கொலையா திடீர் ஆத்திரமா என்ற இதே வகைக் கேள்வியோடு ஜூரி முன் நின்றது. அவர்கள் எட்டுக்கு ஒன்று என விடுவித்தனர். நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அதற்குச் சில நாள்களில், நவம்பர் 1 அன்று, பாகவதர் சென்னையில் காலமானார். வயது 49.