திருவையாற்றுப் பெண் டி.பி. ராஜலட்சுமி

சென்ற நவராத்திரியில் மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்திருந்த மாமிகளிடையே பேச்சு எப்படியோ பழைய சினிமாவுக்குத் தாவியது. முதல் தமிழ்ப் பேசும் படத்தில் கதாநாயகியாக நடித்தது யார் என்று என் பேத்தி கேட்டாள். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் தஞ்சாவூர் ஜில்லாவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள்தான். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லத் தயங்கினேன்.

அந்தத் தயக்கம் என் பாட்டியிடமிருந்து வந்தது. பாட்டிக்கும் திருவையாறுதான். ராஜலட்சுமியின் பெயர் பேச்சில் வந்தால் போதும், எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். நாடகத்துக்குப் போன பெண்ணைப் பற்றிக் குழந்தைகள் முன் பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நானும் அறுபது வருஷம் அதை அனுசரித்துவிட்டேன். அதற்குப் பிராயச்சித்தமாக இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜலட்சுமி 1911-ல் பிறந்தவர். தகப்பனார் பஞ்சாபகேச சாஸ்திரி கிராமக் கர்ணம். ஊரும் தகப்பனார் பெயரும் சேர்ந்ததுதான் 'டி.பி.' என்ற தலைப்பெழுத்து. கேட்ட பாட்டை அப்படியே திருப்பிப் பாடும் ஞானம் சிறு வயதிலேயே இருந்தது. ஆனால் பாட்டுக்கு முன்னால் கல்யாணம் வந்துவிட்டது. ஏழெட்டு வயதுக்குள் அதை முடித்துவிட்டார்கள்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாங்கள் இப்போது குடியிருக்கும் பழைய மைசூர் சமஸ்தானத்தில், எட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வதை 1894-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தவர்களில் நம்மவர்களும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தஞ்சாவூரிலோ, பெண்ணுக்கு 14 வயதாக வேண்டும் என்ற சாரதா சட்டம் அமலுக்கு வந்தது 1930-ல்தான். ராஜலட்சுமிக்கு அது உதவவில்லை. கல்யாணம் நிலைக்காமல் குழந்தை பிறந்தகத்துக்கே திரும்பி வந்தது. தகப்பனாரும் காலமானார். தாயாரும் பெண்ணும் பிழைப்புத் தேடித் திருச்சிக்குப் போனார்கள். வாழாவெட்டி என்ற பட்டத்தை அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கொடுத்த அக்ரஹாரம், அவள் சாப்பாட்டுக்கு என்ன வழி செய்தது? பாட்டியிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்.

திருச்சியில் சாமண்ணாவின் நாடகக் குழுவில் சேர்ந்தபோது அவருக்குப் பதினோரு வயது இருக்கும். அதுவரை மேடையேறிய பெண்கள் பெரும்பாலும் கலையைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். பல கம்பெனிகளில் பெண் வேஷத்தையும் பையன்களே கட்டினார்கள். அக்ரஹாரத்துப் பெண் ஒருத்தி ஸ்திரீபார்ட்டாக வந்து நின்றால் உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒதுக்கி வைத்தார்கள்.

அந்தக் காலத்து நாடகம் எவ்வளவு கஷ்டமானது என்பதை இன்றைய சபா நாடகங்களை வைத்து ஊகிக்க முடியாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற நாடகங்கள்தான் ஊருக்கு ஊர் நடக்கும். இரவு தொடங்கினால் விடியும் வரை போகும். மைக் கிடையாது. காஸ் விளக்கு வெளிச்சத்தில், கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் கேட்கும்படி உச்ச ஸ்ருதியில் பாட வேண்டும். ஸ்பெஷல் நாடகம் என்றால் ஒத்திகையும் இல்லை. வேறு வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள் அன்றிரவுதான் மேடையில் சந்திப்பார்கள். நாரதர் எதைப் பாடித் தர்க்கம் செய்கிறாரோ, வள்ளி அங்கேயே பாட்டாலும் பேச்சாலும் மடக்க வேண்டும். பதில் வராவிட்டால் ஜனங்கள் விடமாட்டார்கள். ராஜலட்சுமிக்குப் பள்ளிக்கூடம் இந்த மேடைதான்.

1929-ல் கோவலன் என்ற மௌனப் படத்தில் நடித்தார். பிறகு 1931-ல் பேசும் படம் வந்தது. பின்னணிப் பாட்டு என்ற வசதி அப்போது இல்லை. காமிரா முன் நிற்பவரே பாட வேண்டும், பேச வேண்டும். அதனால் படக்காரர்கள் நாடக மேடையைத் தேடித்தான் வந்தாக வேண்டியிருந்தது. பம்பாய் இம்பீரியல் கம்பெனிக்காக எச்.எம். ரெட்டி எடுத்த காளிதாஸ், 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. ராஜலட்சுமி தமிழில் பேசினார். கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார்! கதைக்குச் சம்பந்தமே இல்லாத தேசபக்திப் பாட்டும் குறத்தி நடனமும் உண்டு. ஜனங்கள் இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. வந்த படப்பெட்டிக்குக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தார்களாம்.

நமது பெங்களூரிலும் இதே கதைதான். 1934-ல் வந்த முதல் கன்னடப் பேசும் படமான சதி சுலோசனாவின் நாயகி திரிபுராம்பா. அவரும் மேடையிலிருந்து வந்தவரே.

1933-ல் வள்ளி திருமணம் படம் நன்றாக ஓடியது. மேடையில் இரவிரவாகக் கட்டிய வேஷம் அல்லவா! அதில் உடன் நடித்த டி.வி. சுந்தரத்தையே மணந்துகொண்டார். சினிமா ராணி என்று ஜனங்கள் கொண்டாடினார்கள். 1936-ல் அவர் செய்த காரியத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கமலவல்லி என்று தாமே எழுதிய நாவலை மிஸ் கமலா என்ற பெயரில் தாமே தயாரித்து, டைரக்ட் செய்து, நடித்தார். தமிழில் படத்தை டைரக்ட் செய்த முதல் பெண் அவர்தான். கதை என்ன தெரியுமா? மனம் ஒருவரிடம் இருக்க, வேறொருவருக்குக் கட்டாயமாகக் கல்யாணம் செய்து வைக்கப்பட்ட பெண்ணின் கதை. ஏழெட்டு வயதில் தம்மிடம் யாரும் கேட்காத கேள்வியை இருபத்தைந்து வயதில் திரையில் கேட்டார் என்றே எனக்குப் படுகிறது. அந்த வருஷம் பிறந்த பெண் குழந்தைக்கும் கமலா என்றே பெயர் வைத்தார்.

1939-ல் மதுரை வீரனையும் எடுத்தார். 1938-ல் நந்தகுமாரில் யசோதையாக வந்தார். அதன்பின் வாய்ப்புகள் குறைந்தன. 1964-ல் காலமானார். காளிதாஸ் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை.

இந்த இதழ் பல ஊர்களுக்குப் போகிறது. யார் வீட்டுப் பரணிலாவது, தாத்தா ஒளித்து வைத்த பழைய நாடக நோட்டீஸோ பாட்டுப் புஸ்தகமோ ராஜலட்சுமியின் பெயருடன் கிடைத்தால், ஜெராக்ஸ் எடுத்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். வருகிற நவராத்திரிக்குப் பேத்தியிடம் காட்ட வேண்டும்.