கோப்பி இலையை ஆராய்ந்த மார்ஷல் வார்டு

ஹாலிஎலவில் நின்று நோக்கினால் நம் கண்ணிற் படுவது தேயிலையே. இம்மலைநாட்டில் ஒருகாலத்தே கோப்பி செழித்திருந்ததை நம் மாணவர் பலர் அறியார். அது மாண்ட வரலாற்றை உலகிற்கு விளக்கியவர் ஹரி மார்ஷல் வார்டு என்னும் ஆங்கிலேயர்.

1854ஆம் ஆண்டு ஹெரிபோட் நகரிற் பிறந்த இவர், கேம்பிரிட்ஜிற் கல்வி பயின்றார். இவர் சிறுவராயிருந்த 1869ஆம் ஆண்டிலே, நம் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி தோன்றியது. அத்துரு நோய் சில ஆண்டுகளுள் இலங்கைத் தோட்டங்களெங்கும் பரவிற்று. 1880இல் அரசினர் பணியேற்று வார்டு இங்கு வந்தபோது அவர் இருபத்தைந்து வயதையொட்டிய இளைஞர்.

ஈராண்டு ஆராய்ந்தார். அப்பொடி ஒரு பங்கசின் வித்தி. காற்றிற் பறந்து, ஈர இலையில் முளைத்து, இலைவாய் வழியே உட்புகுந்து இலையை உண்டு வாழ்வது. இதனை ஐயமற நிறுவினார். மலைக்கு மலை இடையீடின்றி ஒரே பயிரை நட்டமையே நோய்க்கு வழிவிட்டதென்றும் காட்டினார். மருந்தை எதிர்பார்த்திருந்த துரைமார்க்கு இவ்விளக்கம் உவப்பளிக்கவில்லை. 1882இல் வார்டு தாயகம் மீண்டார். கோப்பி வீழ்ந்தது, தோட்டங்கள் கைமாறின. துரைமாரின் நட்டத்தை எழுதிவைத்தோர் பலர். கடல் கடந்து வந்து அங்கு உழைத்த எம் முன்னோர் பட்ட பாட்டை எழுதினோர் மிகச் சிலரே.

1895இல் கேம்பிரிட்ஜிற் பேராசிரியரான வார்டு, துருவை மறந்தாரல்லர். ஒரு செடி நோயைத் தாங்க, அதன் உறவுச்செடி பட்டழிவது ஏன்? புரோமசு என்னும் புல்லின் பல இனங்களை வளர்த்து, அவற்றின்மீது துருவின் வித்திகளை இட்டுப் பார்த்தார். ஓரினத்தில் தழைத்த துரு மற்றோரினத்தில் மடிந்தது. இலைவாய்களின் தொகையையும் மயிர்களையும் ஒப்பிட்டார். புறவமைப்பில் விடை கிடைக்கவில்லை. எதிர்ப்பாற்றல் உயிர்க்கலத்தின் உள்ளே உறைவதென்னும் முடிவுக்கு வந்தார். 1905இல் அதே பல்கலைக்கழகத்துப் பிவன் என்பார், கோதுமையின் துரு எதிர்ப்பு மெண்டலின் விதிப்படி வழிவழி இறங்குவதைக் காட்டினார். அடுத்த ஆண்டே வார்டு மறைந்தார், வயது ஐம்பத்திரண்டு.

இலையுண்ணும் பூச்சிகளைத் தாங்குவதிலும் இத்தகைய பரம்பரை வேறுபாடு உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் அவ்வாற்றல் என்றும் நிலைப்பதன்று. 1911இல் மைசூர்ப் பகுதியிற் கென்ற் என்னும் துரை துருப்பற்றாக் கோப்பியொன்றைத் தெரிந்தெடுத்தார். சில ஆண்டுகளிற் பங்கசின் வேறொரு வகை அதனையும் பற்றிக்கொண்டது.

கோப்பியிருந்த மலைகளில் தேயிலை வந்தது. அதற்கும் 1946இல் கொப்புள நோய் வந்தது. பழைய வித்துத் தேயிலையில் அடுத்தடுத்த செடிகளும் இயல்பால் வேறுபடும். ஒரு தாய்ச்செடியின் துண்டுகளால் வளர்த்த வீ.பீ. தேயிலை மலையிலோ, ஒரு செடியைப் பற்றும் நோய் எல்லாச் செடியையும் பற்றவல்லது.