கூழ் குடித்து மல்லனை மடக்கிய சோழ இளவரசன்

திருச்சி உறையூர் என்றதும் கைத்தறிச் சேலை நினைவுக்கு வரும். பெரியவர்களுக்குச் சுருட்டும் நினைவுக்கு வரும். இன்று அந்த ஊர் திருச்சி மாநகரத்தின் ஒரு பகுதி. கடையும் வீடும் பஸ்ஸும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

ஆனால், சுமார் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அதுதான் சோழ நாட்டின் தலைநகரம். பக்கத்தில் காவிரி ஓடுகிறது. ஆற்றைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். பங்குனி மாதத்தில் ஆற்றங்கரைச் சோலையில் உறையூர் மக்கள் விழாக் கொண்டாடினார்கள் என்று அகநானூறு சொல்கிறது. இன்றும் பங்குனி ஆயில்யத்தன்று ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் ஆற்றைக் கடந்து உறையூர் நாச்சியார் கோவிலுக்கு எழுந்தருளுகிறார்.

உறையூருக்குக் "கோழி" என்றும் ஒரு பெயர் உண்டு. ஒரு கோழி யானையை எதிர்த்துப் போரிட்டு விரட்டியதாம். அதனால் வந்த பெயராம். கதைதான். ஆனால், நாம் சொல்லப்போகும் மனிதனுக்கு அந்தக் கதை பொருத்தமாக இருக்கிறது.

அவன் பெயர் கோப்பெருநற்கிள்ளி. உறையூரை ஆண்ட தித்தன் என்ற சோழ மன்னனின் மகன். அந்தக் காலத்தில் கிள்ளி என்ற பெயரில் சோழர்கள் பலர் இருந்தார்கள். அடையாளம் தெரிவதற்காக இவனைப் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி என்று ஏடுகள் குறிக்கின்றன. சில பதிப்புகளில் "போரவை" என்று இருக்கும்.

மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த மாமல்லன் நரசிம்மவர்மனை எல்லோருக்கும் தெரியும். மல்லன் என்றால் மற்போர் செய்கிறவன், அதாவது குஸ்தி வீரன். நரசிம்மவர்மன் 7-ம் நூற்றாண்டுக்காரன். அவனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ராஜா வீட்டுப் பிள்ளை ஒருவன் கோதாவில் இறங்கிவிட்டான்!

தகப்பனும் மகனும்

தித்தனுக்கும் மகனுக்கும் மனக்கசப்பு என்று உரை எழுதிய பெரியவர்கள் சொல்கிறார்கள். மகன் தகப்பன் வீட்டில் இல்லை. வேற்றூரில் இருந்தான்.

அரண்மனையில் இருந்திருந்தால் நெய்ச்சோறும் கறியும் கிடைத்திருக்கும். வேற்றூரில் அவனுக்குக் கிடைத்தது கூழ். "புற்கை" என்று பாட்டில் வருகிறது. கஞ்சி, கூழ் போன்ற ஏழைச் சாப்பாடு அது. அதைக் குடித்தும் அவன் தோள்கள் பருத்தே இருந்தன. இதை நமக்குச் சொல்கிறவர் ஒரு பெண்.

அவர் பெயர் நக்கண்ணையார். பெருங்கோழி நாயகன் என்பவரின் மகள். பெருங்கோழி என்பதும் உறையூர்தான். புறநானூற்றில் 80 முதல் 85 வரை உள்ள 6 பாட்டுகள் இந்த இளவரசனைப் பற்றியவை. முதல் மூன்றைச் சாத்தந்தையார் என்ற புலவர் பாடினார். அடுத்த மூன்று நக்கண்ணையார் பாடியவை. அந்த மூன்றிலும் பேசுகிறவள் அவன்மேல் ஆசை வைத்த ஒரு பெண். அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறாள். இருந்தும் ஏக்கத்தால் அவள் உடம்பு பொன் நிறமாக வெளுத்துவிட்டது. கை வளையல் கழன்று விழுகிறது. அவனிடம் போகலாம் என்றால் தாயாரிடம் பயம். நாலு பேர் கூடிய சபை என்றால் வெட்கம்.

இந்த 6 பாட்டுகளும் ஓலைச்சுவடியில் கிடந்தன. உ.வே.சாமிநாதையர் 1894-ம் ஆண்டு புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தார். இல்லையென்றால் இந்தக் குஸ்தியைப் பற்றி நமக்கு எங்கே தெரியப்போகிறது?

ஆமூர் மல்லன்

முக்காவல் நாட்டில் ஆமூர் என்று ஓர் ஊர். இனிப்பும் கடுப்புமான கள்ளுக்குப் பெயர்போன ஊர். அந்த ஊரில் ஒரு மல்லன் இருந்தான். பெரிய பலசாலி. அவனோடு மோதுவதற்குக் கிள்ளி களத்தில் இறங்கினான்.

சண்டை எவ்வளவு வேகமாக நடந்தது? அதற்குச் சாத்தந்தையார் சொல்லும் உவமை அருமையானது. கட்டில் பின்னும் ஒரு தொழிலாளி. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேதனை. மழை வேறு கொட்டுகிறது. பொழுதும் சாய்கிறது. கையில் உள்ள கட்டிலை முடித்தாக வேண்டும். அவன் கையில் ஊசி எப்படிப் பறக்கும்! அதைவிட வேகமாக நடந்ததாம் அந்தச் சண்டை. புலவர் உவமைக்குத் தேடிப்போனது மின்னலை அல்ல, புயலையும் அல்ல. வீட்டுக்குப் போகத் துடிக்கும் ஒரு கூலிக்காரனின் கை!

பிடி எப்படி?

அந்தப் பிடியைப் புலவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பில் மண்டியிட்டு அழுத்துகிறது. மற்றொரு கால் மல்லன் செய்யும் உபாயத்தைத் தடுத்து, அவன் முதுகுப்புறம் வளைகிறது.

இதில் என்ன விசேஷம்? கீழே விழுந்தவன் சும்மா கிடக்கமாட்டான். மார்பில் முழங்கால் ஏறினால் மூச்சு முட்டும். உடனே பக்கவாட்டில் புரண்டு நழுவப் பார்ப்பான். அந்த வழியை இரண்டாவது கால் அடைத்துவிடுகிறது. மேலே பாரம், பக்கத்தில் வேலி. இனி அவன் எங்கே போவான்?

அதன் பிறகுதான் மடக்குதல். பசித்த யானை மூங்கிலை எப்படித் தின்னும்? தழை உயரத்தில் இருக்கிறது. யானை மூங்கிலை வளைத்து, நுனியும் அடியும் முறியும்படி மோதும். அதுபோல் மல்லனின் தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒடியும்படி கிள்ளி தாக்கினான். மல்லன் முடிந்தான். "அட்டு நின்றான்" என்று பாட்டின் அடிக்குறிப்பு கூறுகிறது. அந்தச் சொல்லுக்கு வென்றான் என்றும் பொருள் உண்டு. கொன்றான் என்றும் பொருள் உண்டு.

இன்றைக்கு உலகம் முழுவதும் இளைஞர்கள் பிரேசில் ஜியு-ஜிட்சு என்ற மற்போரைக் கற்கிறார்கள். மேதா என்ற ஜப்பானிய வீரர் 1914-ல் பிரேசிலுக்குப் போனார். அவரிடம் கார்லோஸ் கிரேசி கற்றார். அவருடைய குடும்பத்தார் அதை வளர்த்தார்கள். கார்லோசின் தம்பி ஹீலியோ மெலிந்த உடம்புக்காரர். பலத்தை நம்பாமல் பிடியை நம்பினார். அந்தக் கலையில் எதிரியைத் தரையில் தள்ளி, முழங்காலை வயிற்றிலோ மார்பிலோ ஊன்றி அடக்குவது ஒரு முக்கியமான நிலை. மற்றக் காலைத் தள்ளி ஊன்றிக்கொள்வார்கள். அங்கிருந்து கையை மடக்குவார்கள். அல்லது கழுத்தை இறுக்குவார்கள். முதலில் அசையாமல் அடக்கு, பிறகு மடக்கு. பாடம் அவ்வளவுதான். உறையூர் இளவரசனும் அதே வரிசையில்தான் செய்திருக்கிறான். அங்கிருந்து இங்கே வந்தது, இங்கிருந்து அங்கே போனது என்று நான் சொல்ல வரவில்லை. மனித உடம்பு எங்கும் ஒன்றுதானே! முழங்கால் மார்பில் ஏறினால் உறையூரிலும் மூச்சு முட்டும், பிரேசிலிலும் மூச்சு முட்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு. இன்று தோற்பவன் கையால் இரண்டு தட்டு தட்டினால் போதும். உடனே பிடியை விட்டுவிடவேண்டும். பள்ளியில் முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆமூர் மல்லனுக்கு அந்த வசதி இல்லை.

தித்தன் பார்க்கவேண்டும்!

மல்லன் மடங்கிய அந்தக் கணத்தில் சாத்தந்தையாருக்கு ஓர் ஆசை எழுந்தது. கூட்டத்தைப் பற்றியோ பரிசைப் பற்றியோ அவர் நினைக்கவில்லை. தித்தன் இதைப் பார்க்கவேண்டுமே என்று நினைத்தார். பார்த்து மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, அந்தத் தகப்பன் மகனை இந்தக் கோலத்தில் ஒரு தடவை பார்க்கட்டும் என்று பாடினார்.

தித்தன் அங்கே இல்லை. அவன் போரில் யாராலும் எதிர்க்கமுடியாதவன் என்று அந்தப் பாட்டே சொல்கிறது. பிள்ளையிடம் அந்த வலிமை இருந்ததைக் கண்டவர்கள் வேற்றூர்க்காரர்கள்தான்.

அந்த வேற்றூர்க்காரர்களோ இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். கிள்ளிக்கு இது சொந்த ஊரும் இல்லை, சொந்த நாடும் இல்லை. ஆகவே, அவன் வென்றுவிட்டான் என்று சிலர் சொன்னார்கள். இல்லை, வெல்லவில்லை என்று சிலர் சாதித்தார்கள். வெளியூர்க்காரன் ஜெயித்தால் ஒப்புக்கொள்ள மனம் வருமா?

இந்த இரைச்சல் அந்தப் பெண்ணின் காதிலும் விழுந்தது. யார் பேச்சை நம்புவது? தாயாரிடம் இருந்த பயம் போயிற்று. சபையிடம் இருந்த வெட்கமும் போயிற்று. காற்சிலம்பு ஒலிக்க ஓடினாள். அவள் வீட்டில் ஒரு பனைமரம் நின்றது. முழவு போல் பருத்த அடிமரம். அதில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

வென்றது அவன்தான். அவளே கண்ணால் கண்டாள்.