பல்லிடுக்கில் ஓர் உலகு கண்டவர்

ஆலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்பது வாய்க்கால்களும் வாணிகமும் மலிந்த பழைய நகரம். அங்கே, கூடை முடைந்து விற்கும் ஒருவரின் இல்லத்தில், 1632ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24ஆம் நாள் ஆண்டனி வான் லேவன்ஹூக் பிறந்தார். புகழ் வாய்ந்த ஓவியர் வெர்மீரும் அவ்வாண்டில் அவ்வூரில் தோன்றியவரே.

இளமையிலேயே லேவன்ஹூக் தந்தையை இழந்தார். பதினாறாம் வயதில் ஆம்ஸ்டர்டாம் சென்று துணி வாணிகர் ஒருவரிடம் தொழில் பயின்றார். 1654இல் சொந்த ஊருக்கு மீண்டு, மணம் புரிந்து, துணிக்கடை வைத்தார். பின்னர் நகராட்சியில் சிறு பதவியொன்றும் அவருக்குக் கிடைத்தது. அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். தாய்மொழியாகிய டச்சு அன்றி வேறு மொழி அறியார். இலத்தீன் அறியாதாரை அறிஞர் அவை ஏறிட்டும் பாராத காலம் அது.

துணியின் இழை நெருக்கத்தை ஆராய வாணிகர் சிறு கண்ணாடி வில்லையைக் கையாள்வது வழக்கம். அவ்வில்லையே லேவன்ஹூக்கின் உள்ளத்தைக் கவர்ந்தது போலும். அவர் தம் கையாலேயே வில்லைகளைச் செய்யலானார். கடுகளவினதாகிய வில்லை ஒன்றை இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே பதித்து, எதிரே ஓர் ஊசிமுனையில் பொருளை நிறுத்தி, திருகாணியால் முன்னும் பின்னும் நகர்த்தி, கண்ணோடு ஒட்ட வைத்துப் பார்ப்பார். இத்தகைய கருவிகள் ஐந்நூறு வரை அவர் செய்தார் என்பர். இன்று எஞ்சியுள்ளவற்றுள் ஒன்று பொருளை ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டுகிறது.

1673இல் டெல்ஃப்ட் நகர மருத்துவர் தெ கிராஃப் என்பார் இவரை இலண்டன் இராயல் கழகத்திற்கு அறிமுகம் செய்தார். அது முதல் லேவன்ஹூக் தாம் கண்டனவற்றைக் கடிதங்களாக எழுதி அனுப்பினார். மிளகின் காரத்திற்குக் காரணம் யாது என்று அறிய மிளகை நீரில் ஊறவைத்தவர், அந்நீரில் கணக்கற்ற சிற்றுயிர்கள் நீந்தக் கண்டு 1676இல் எழுதினார். கழகத்தார் நம்பவில்லை. துணிக்கடைக்காரர் ஒருவர் கனவு கண்டு எழுதுகிறார் என்று ஐயுறுதல் எளிதன்றோ? அவரோ சினவாது, சமயகுருமார் முதலிய நன்மக்களைத் தம் இல்லத்திற்கு அழைத்துக் காட்டி, அவர்தம் சான்றுரைகளை அனுப்பினார். 1677இல் இராபர்ட் ஹூக் என்னும் அறிஞர் தாமே சோதித்துக் கண்ட பின்னரே ஐயம் நீங்கிற்று. 1680இல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1683 செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாள் எழுதிய கடிதம் நம் ஒவ்வொருவர் வாயையும் பற்றியது. லேவன்ஹூக் நாள்தோறும் காலையில் உப்பினால் பல் துலக்கி, நீரால் வாய் கொப்புளித்து, உணவுக்குப் பின் கோலால் பல்லிடுக்கைத் தூய்மை செய்பவர். ஆயினும் பற்களின் இடையே மாவு போன்ற வெண்பொருள் சிறிது தங்கியிருத்தலைக் கண்டார். அதனை எடுத்துத் தூய மழைநீரிற் கலந்து வில்லையின் வழியே நோக்கினார். கோல் போல்வன சில அம்பெனப் பாய்ந்தன. சில பம்பரம் போலச் சுழன்றன. சில கூட்டமாக மொய்த்தன. பெண்டிர் இருவர், எட்டு வயதுச் சிறுவன் ஆகியோரின் பல்லழுக்கையும் சோதித்தார். வாழ்நாளில் ஒருமுறையும் பல் துலக்கியறியாத முதியவர் ஒருவரின் வாயில் அச்சிற்றுயிர்கள் அளவிறந்து நிறைந்திருந்தன. ஒரு நாட்டின் குடிமக்கள் தொகையினும் ஒருவன் வாயில் வாழும் உயிர்த்தொகை மிகுதி என்று கணித்தார்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. அவ்வெண்பொருளை எடுத்துக் காடியுடன் கலந்தபோது அவ்வுயிர்கள் மடிந்தன. ஆனால் காடியால் வாய் கொப்புளித்த போதோ, அழுக்கின் மேற்புறத்தன மட்டுமே மடிந்தன, உள்ளிருந்தவை பிழைத்தன. 1692இல் சூடான காப்பி பருகும் பழக்கத்தையும் ஆராய்ந்தார். முன்பற்களில் உயிர்கள் இறந்துகிடக்க, வெப்பம் சேராத கடைவாய்ப் பற்களில் அவை உயிரோடிருந்தன.

இதன் காரணம் பிற்காலத்தில் புலனாயிற்று. பல்லின்மேல் உமிழ்நீர் படிந்த மெல்லிய தோலில் முதலில் ஒட்டுவன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனத்தவை. அவற்றின்மீது பிற இனங்கள் ஒட்டுகின்றன. ஃபூசோபாக்டீரியம் என்னும் நீண்ட நுண்ணுயிர், முன் வந்தவற்றையும் பின் வருவனவற்றையும் பிணைக்கும் பாலமாகிறது. மேலுள்ளவை உயிர்வளியை உண்டு தீர்ப்பதால், அதனை வேண்டாத இனங்கள் உள்ளே செழிக்கின்றன. ஒன்றன் கழிவு மற்றொன்றுக்கு உணவு. இவை தம்மைச் சுற்றிப் பசை போன்ற உறையொன்றை அமைத்துக்கொள்வதால் மருந்தும் எளிதில் உட்புகாது. காடி தோற்றதும் இதனாலேயே. இறுதியில் ஈற்றின் கீழே புகும் போர்ஃபைரோமோனாஸ் முதலியன, ஈறு அழன்று கசியும் நீரையே உண்டு பெருகுகின்றன. அவற்றை எதிர்க்கும் உடலின் போரில், பல்லைத் தாங்கும் எலும்பும் அழிகிறது.

ஆயினும் அழுக்குள்ளார் அனைவரும் பல் இழப்பதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பல் துலக்கும் வழக்கம் இல்லாதிருந்த தமிழ்த் தொழிலாளர் 480 பேரை, ஹரால்டு லோ என்னும் அறிஞர் 1970 முதல் பதினைந்து ஆண்டுகள் ஆராய்ந்தார். ஏறக்குறைய நூற்றுக்கு எண்மருக்கு நோய் விரைந்து முற்றியது. நூற்றுக்குப் பதினொருவருக்கோ ஈறு சிவந்ததன்றி மேற்கேடு விளையவில்லை. எந்த இனங்கள் கூடின, உடல் எவ்வாறு எதிர்த்தது என்பனவற்றைப் பொறுத்தே விளைவு வேறுபடுகிறது.

இவற்றுள் எதனையும் லேவன்ஹூக் அறியார். தாம் கண்ட சிற்றுயிர்கள் நோய்க்குக் காரணம் ஆகலாம் என்று அவர் கூறவுமில்லை. அவரிடம் ஒரு குறையும் உண்டு. தம் கருவிகளுள் மிகச் சிறந்தனவற்றையும் அவற்றைக் கொண்டு நோக்கும் நுட்பத்தையும் பிறர் எவர்க்கும் அவர் கற்பித்திலர். இரசிய மன்னர் பீட்டர் 1698இல் காண வந்தபோதும் அம்மறை வெளிப்படவில்லை. அதனால் அவர் மறைந்தபின் நெடுங்காலம் இத்துறை தளர்ந்து கிடந்தது. ஓர் அறிஞரின் கைத்திறன் அவரோடே புதையுண்டது வருந்தத்தக்கதே.

தொண்ணூறு வயதிலும் அவர் எழுதுவதை விடவில்லை. தம் உதரவிதானத்தில் உண்டான துடிப்பையே ஆராய்ந்து இராயல் கழகத்திற்கு எழுதினார். 1723 ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள் டெல்ஃப்ட் நகரிலேயே உயிர் நீத்தார். வெள்ளியாற் செய்த இருபத்தாறு கருவிகளை, தம்மை முதலில் ஐயுற்றுப் பின் ஏற்ற அக்கழகத்திற்கே உரிமையாக்கிச் சென்றார். மகள் மரியா அவற்றைப் பேழையில் வைத்து இலண்டனுக்கு அனுப்பினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை காணாமற் போயின.