விரல் நுனிக்கு எழுத்துத் தந்த லூயி பிரெயில்

நம் சங்க மலரில் ஆண்டுதோறும் பெரியார் ஒருவரின் வரலாற்றைப் படித்து மகிழும் அன்பர்களுக்கு, இம்முறை தமிழரும் அல்லாத, இந்தியரும் அல்லாத ஒருவரை அறிமுகப்படுத்த விழைகின்றோம். அவர் அரசரல்லர், போர்வீரரல்லர், நாற்பத்து மூன்றே ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த ஒரு பள்ளி ஆசிரியர். முற்றிலும் புதியவர் என்றும் சொல்வதற்கில்லை. 2009-ஆம் ஆண்டில், அவர் பிறந்து இருநூறாண்டு நிறைந்ததை முன்னிட்டு நம் அரசு வெளியிட்ட இரண்டு ரூபாய் நாணயத்தில் அவர் திருவுருவம் இருந்தது. டிக்கெட் கவுண்ட்டரில் சில்லறை எண்ணும் நம் போன்றோர் கைகளில் அந்நாணயம் எத்தனையோ முறை புரண்டிருக்கும். ஆயினும் முகத்தை உற்று நோக்கியவர் சிலரே.

லூயி பிரெயில் 1809-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் பிரெஞ்சு நாட்டில், பாரிஸ் மாநகருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சிமோன் ரெனே, குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்து விற்கும் தோல் தொழிலாளி. தாயார் மோனிக். நான்கு மக்களுள் லூயியே கடைக்குட்டி. மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடிக் கொண்டிருந்தபோது, தோலைத் துளைக்கும் குத்தூசி கை நழுவி ஒரு கண்ணைக் குத்திவிட்டது. புண் சீழ் பிடித்தது. சீழைத் தடுக்கும் மருந்து அந்நாளில் இல்லை. நோய் மற்றைக் கண்ணையும் பற்றியது. ஐந்து வயதளவில் பார்வை அடியோடு போயிற்று.

அக்காலத்து ஐரோப்பாவில் பார்வையற்ற ஏழைப் பிள்ளைக்குக் கோயில் வாசலும் பிச்சைப் பாத்திரமுமே கதி. அந்தத் தாய் தந்தையர் அதற்கு ஒப்பவில்லை. தந்தை பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அடித்து, மகனைத் தடவிப் பார்க்கச் செய்தார். ஊர்ப் பாதிரியார் பாலுய் பாடம் சொல்லிக் கொடுத்ததோடு, பிற பிள்ளைகளுடன் கிராமப் பள்ளியில் அமரவும் வழி செய்தார். செவியால் கேட்டே லூயி வகுப்பில் முன்னணியில் நின்றார். ஆனால் மற்றப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்கும் நேரத்தில் அவர் கைகட்டி வாளா இருக்க வேண்டியதாயிற்று. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் சிபாரிசால், 1819-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், பாரிஸிலிருந்த பார்வையற்ற இளைஞருக்கான அரசப் பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். அப்பொழுது வயது 10.

அப்பள்ளியை 1780-களில் தோற்றுவித்தவர் வாலந்தேன் ஆயுய் என்னும் அருளாளர். பார்வையற்றோரும் படிக்கலாம் என்று செய்து காட்டியவர் அவர். கண்ணுள்ளோர் படிக்கும் அதே எழுத்துக்களைப் பெரிதாக வார்த்து, ஈரத்தாளில் அழுத்திப் புடைப்பாக எழச் செய்தார். அவ்வாறு செய்யப்பட்ட நூல்களே அப்பள்ளியின் நூல்நிலையம். நூல்நிலையம் என்று பெயர். உள்ளே இருந்தவை மிகச் சில. ஓர் எழுத்தை விரல் முழுதும் சுற்றி வந்தாலன்றி இன்னதென்று அறிய இயலாது. வட்டமான எழுத்துக்கள் ஒன்றோடொன்று மயங்கின. ஒரு வாக்கியத்தின் முடிவுக்கு வருமுன் அதன் தொடக்கம் மறந்து போகும். ஒவ்வொரு நூலும் பெருங்கனம். செலவோ அளவில்லை. இவற்றினும் பெரிய குறை, மாணாக்கர் அவ்வெழுத்தைத் தடவிப் படிக்கலாமேயன்றித் தம் கையால் எழுத முடியாது. கண்ணுக்கென்று பிறந்த எழுத்தைப் பெரிதாக்கிவிட்டால் விரலுக்கு உகந்ததாகிவிடும் என்ற எண்ணமே பிழை என்பது நம் கருத்து. ஆயினும் ஆயுய் அவர்களைக் குறை கூற நமக்கு மனமில்லை. அவர் தொடங்கிய பள்ளி இல்லையேல் லூயியும் இல்லை.

1821-இல் ஷார்ல் பார்பியே என்னும் முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி ஒரு புதுமுறையைப் பள்ளிக்குக் கொணர்ந்தார். எழுத்து வடிவமே வேண்டாம், புள்ளிகள் போதும் என்பது அவர் கொள்கை. இரு வரிசையில், வரிசைக்கு ஆறாகப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இட்டு, சொல்லின் ஒலிகளைக் குறித்தார். அவற்றைத் தாளில் குத்துவதற்குச் சட்டமும் ஊசியும் அமைத்தவரும் அவரே. புள்ளி விரலுக்கு எளிதில் தட்டுப்பட்டது, மாணாக்கர் மகிழ்ந்தனர். ஆனால் பன்னிரண்டு புள்ளிகளின் கூட்டம் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. ஒலியை மட்டும் குறித்தமையால் எழுத்துக்கூட்டல் இல்லை, நிறுத்தக்குறி இல்லை, எண்ணில்லை, இசைக்குறியும் இல்லை.

பள்ளிச் சிறுவனாயிருந்த லூயி இக்குறைகளைக் கண்டார். ஓய்வு நேரமெல்லாம் ஊசியும் தாளுமாக அமர்ந்து, 1824-க்குள், அதாவது தம் பதினைந்தாம் வயதில், தம் முறையை ஏறக்குறைய உருவாக்கிவிட்டார். பன்னிரண்டை ஆறாகக் குறைத்தார். நிரைக்கு இரண்டாக மூன்று நிரை. ஒரு விரல் நுனி அசையாமலேயே முழுவதையும் உணரலாம். ஆறு புள்ளிகளில் எவை எழுகின்றன, எவை எழவில்லை என்பதைக் கொண்டு 63 வடிவங்கள் கிடைக்கின்றன. முதற்பத்து எழுத்துக்கள் மேலுள்ள நான்கு புள்ளிகளுக்குள்ளேயே அடங்கும். அதே பத்துடன் கீழே இடப்புறப் புள்ளியைச் சேர்த்தால் அடுத்த பத்து. கீழிரண்டையும் சேர்த்தால் அதற்கடுத்த வரிசை. முதற்பத்தின் முன் ஒரு குறியிட்டால் அவையே எண்களாகிவிடும். நம் காலனியில் ஓய்வு பெற்ற மூத்தோர் சிலர், ஸ்டேஷன்களில் கட்டு கடா என்று ஒலித்த பழைய தந்திக் கருவியை நினைவு கூர்வதுண்டு. இரண்டே ஒலியில் மொழியனைத்தையும் அடக்கிய அக்கருவியை வியந்தவர்கள் இதனையும் வியப்பர். இது தந்திக்கும் மூத்தது.

1829-இல் அவர் தம் முறையை நூலாக வெளியிட்டார். சொற்களை மட்டுமன்றி இசையையும் எழுதும் வழி அதில் இருந்தது. பார்பியேக்குத் தாம் பட்டுள்ள கடனை மறைக்காமல் அந்நூலிலேயே ஒப்புக்கொண்டார். 1837-இல் திருத்திய பதிப்பு வந்தது. அவ்வாண்டிலேயே பள்ளி, பிரெஞ்சு நாட்டு வரலாற்றுச் சுருக்கத்தை மூன்று தொகுதிகளாகப் பிரெயில் எழுத்தில் அச்சிட்டது.

இதற்கிடையில் லூயி 1828-இல் துணையாசிரியராகி, 1833-இல் முழு ஆசிரியரானார். இசையிலும் வல்லவர், பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்து வந்தார். மாணாக்கர் தாங்களே படித்தனர்; தாங்களே எழுதினர்; ஒருவர் குறிப்பை மற்றவர் பெயர்த்தெழுதினர். பள்ளி நூல்நிலையம் அன்றுதான் மெய்யாகவே வளரத் தொடங்கியது எனலாம்.

ஆனால் 1840-இல் காற்று மாறியது. லூயியை ஆதரித்த தலைவர் பீன்யே பதவியினின்று நீக்கப்பட்டு, துய்ஃபோ என்பவர் தலைவரானார். புதிய தலைவர் புள்ளி எழுத்தை ஒதுக்கினார்; புடைப்பெழுத்தையே திருத்திய வடிவில் மீண்டும் கொணர்ந்தார். பார்வையற்றோருக்குத் தனியெழுத்து இருப்பின், அவர்கள் கண்ணுள்ளோரிடமிருந்து பிரிந்து தனிக்கூட்டமாகிவிடுவர் என்பது அந்நாளைய ஆசிரியர் பலரின் அச்சம். இவ்வாதத்தை அற்பமென்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. வேற்றெழுத்து வழங்கும் ஊரில் பிழைக்க வந்துள்ள நாம், ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்ற அறிவுரையை நாள்தோறும் கேட்பவர்கள். அதில் உண்மை உண்டு என்பதையும் அறிவோம். ஆனால் எந்த எழுத்தில் படிப்பது என்பதைப் படிக்கின்றவனைக் கேட்காமலே முடிவு செய்தது நியாயமாகுமா? கண்ணுள்ளோர், கண்ணில்லாதோரின் விரலுக்கு எது எளிது என்று தீர்ப்புச் சொன்னார்கள். மாணாக்கர்களோ அத்தீர்ப்பை ஏற்கவில்லை. மறைவாகப் புள்ளிகளைக் குத்தி எழுதினர். மூத்தவர் இளையவர்க்குக் கற்பித்தனர். துணைத்தலைவர் குவாதே இதனைக் கண்டு, புள்ளி எழுத்தின் பக்கம் நின்றார். 1844 பிப்ரவரியில் பள்ளியின் புதுக்கட்டடத் திறப்பு விழாவில் அவர் இம்முறையைச் சபையினர்முன் விளக்கினார். எதிர்ப்பு தளர்ந்தது.

லூயியின் மனத்தில் பிரிவினை இல்லை என்பதற்குச் சான்று வேறொன்று. பார்வையற்றவர் தம் வீட்டாருக்குக் கடிதம் எழுத வேண்டுமே! அதற்காக 1839-இல், கண்ணுள்ளோர் அறிந்த எழுத்தின் வடிவையே புள்ளிகளால் வரையும் வேறொரு முறையையும் வெளியிட்டார். அதனை விரைவில் எழுத, பார்வையற்ற நண்பரான பூக்கோ ஒரு பொறி செய்தார். தட்டச்சுப் பொறியின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

பழைய பள்ளிக் கட்டடம் ஈரம் கசிவது, காற்றோட்டம் அற்றது. லூயிக்கு இருபத்தாறு வயதளவிலேயே க்ஷயரோகம் தொற்றியது. இடையிடையே தேறுவார், பாடம் நடத்துவார், மீண்டும் படுப்பார். 1852-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், பிறந்தநாள் கழிந்த இரண்டாம் நாள், உயிர் நீத்தார். தம்மிடமிருந்த சிறு பெட்டியொன்றைத் திறவாமலே எரித்துவிடச் சொல்லியிருந்தார். நண்பர்கள் ஆவல் தாங்காது திறந்தனர். உள்ளே இருந்தவை, ஏழை மாணாக்கர் அவரிடம் வாங்கிய கடனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டுக்கள். பின்னர் அவர் விருப்பப்படியே எரித்தனர். தம் எழுத்து அரசால் ஏற்கப்பட்டதை அவர் காணவில்லை. அது 1854-இல் நிகழ்ந்தது. 1878-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடு அம்முறையை ஆதரித்தது. 1952-இல் அவர் உடலெச்சங்களை நாட்டுப் பெரியோர் துயிலும் பாந்தியனுக்கு எடுத்துச் சென்றனர். கைகளின் எச்சங்களை மட்டும் கூவ்ரே தன்னிடமே வைத்துக்கொண்டது.

அவருக்குப் பின் நூல்நிலையங்கள் பெருகின. 1882-இல் லண்டனில் மார்த்தா ஆர்னல்ட் என்னும் பார்வையற்ற பெண்மணி, பிரெயில் நூல்களை இரவல் தரும் நிலையத்தைத் தம் வீட்டிலேயே தொடங்கினார். ஒரு நாவலைப் பிரெயிலில் ஆக்கினால் பல பருமனான தொகுதிகளாகிவிடும். வாசகர் வந்து சுமந்து செல்ல இயலாது. ஆகவே இத்தகைய நிலையங்கள் தபாலையும் ரயிலையுமே நம்பின. நம் நாட்டில் 1887-இல் அமிர்தசரஸிலும், 1890-இல் பாளையங்கோட்டையிலும் பள்ளிகள் எழுந்தன. ஆனால் இடத்துக்கொரு புள்ளி முறை வழங்கியதால், ஓரிடத்து நூல் மற்றோரிடத்தாருக்குப் பயன்படவில்லை. 1951-இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டு, அவ்வாண்டே டேராடூனில் அச்சகமும் அமைந்தது. 1963-இல் அங்கேயே நூலகம் தோன்றியது.

இம்முறையில் நம் அகரத்துக்கும், இந்தி முதலிய மொழிகளின் அகரத்துக்கும் ஒரே புள்ளி. அது லூயி தம் மொழியின் முதலெழுத்துக்கு இட்ட அதே புள்ளி. ககரமும் மகரமும் அவ்வாறே. கண்ணால் படிக்கும் நாம் கெ என்னும் எழுத்தில் கொம்பை முன்னே இடுகின்றோம். விரலால் படிப்பவர்க்கோ ககரம் முதலிலும் எகரம் பின்னுமாக, ஒலிக்கும் முறையிலேயே வரும். அயலூரில் தமிழ் எழுத்துக் கற்கும் நம் சிறுவர் சிறுமியர் இதைக் கேட்டுப் பொறாமைப்படக்கூடும்!

இன்று ஒலிநூல்களும் வந்துவிட்டன. பார்வையற்றோருக்காக நூல்களை மாற்றுருவில் ஆக்குவதற்குப் பதிப்புரிமை தடையாகாதபடி 2013-இல் மர்ரகேஷ் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. அதனை 2014-இல் முதன்முதல் உறுதி செய்த நாடு நம் இந்தியாவே. 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயம் இத்தகைய நூல்களை இணையவழி வழங்குகின்றது. சென்னை செல்லும் அன்பர்கள், 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெயில் பிரிவைக் கண்டு வரலாம்.

நம் சங்க வாசகசாலையின் அலமாரிகளில் இத்தகைய நூல் ஒன்றேனும் இதுவரை இல்லை. கண்ணொளி குறைந்தபின் வாசகசாலைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்ட பெரியவர்கள் காலனியில் உள்ளனர் என்பதையும் நாம் அறிவோம். பார்வையற்றோருக்கான நூற்பொதிகளுக்கு நம் தபால் இலாகா கட்டணம் வாங்குவதில்லை. தம் இல்லத்திலோ அண்டை இல்லத்திலோ அவ்வாறு படிக்க விரும்புவோர் இருப்பின், அவர்தம் பெயரையும் வேண்டும் நூல்களையும் எழுதிச் சங்கக் காரியதரிசியிடம் சேர்ப்பிக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். எழுதி வரவழைக்கும் வேலையை நாம் ஏற்றுக்கொள்கின்றோம்.