ஊர்க்கதை கேட்ட மெக்கன்சி

நான் போற்றும் வரலாற்று ஆர்வலர், ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவிலே 1754-இல் பிறந்த காலின் மெக்கன்சி. கம்பெனிப் படையிற் சேர்ந்து 1783-இல் சென்னை வந்த அவர், நிலத்தை அளந்ததோடு ஊர் வரலாறுகளையும் குலமரபுகளையும் திரட்டினார். நம் மொழிகளை அறியாத அவருக்கு நாவாக விளங்கியோர் காவலி பொரையா, இலட்சுமையா முதலிய உடன்பிறந்தோர். மாமல்லபுரச் சிற்பங்களைப் பற்றி இலட்சுமையா 1803-இல் எழுதினார். தொண்டைமண்டலக் குறும்பர் வரலாறும் அத்திரட்டிலே சேர்ந்தது. 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரான மெக்கன்சி, 1821-இல் மறைந்தார். அவர் திரட்டியவற்றுட் பல இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன. அவர் கேட்டிராவிடில் அவை முதியோருடனேயே மறைந்திருக்கும். என் கொள்ளுப்பாட்டனாரின் தந்தை பெயரை எங்கள் வீட்டில் எவரும் அறியார். மறைமலைநகரைச் சூழ்ந்த சிற்றூர்களில் முதியோர் இன்னும் உள்ளனர். விடுமுறையில் நாமும் ஏடெடுத்துச் செல்வோம்.